திறந்த கல்வி வளங்கள்: பல்கலைக்கழக நூலகரிடம் கேள்விகள்

பொறியியல் மாணவர்: ஐயா, இணையத்தில் எத்தனையோ பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கும்போது, திறந்த கல்வி வளம் என்று தனியே ஒன்று எதற்கு?

இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு. திருத்தி எழுதிப் பிறருக்கும் கொடுக்க அனுமதி பெற்றிருப்பது வேறு. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்றுக்கொண்ட பரிந்துரை, பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையான ஆக்கங்களையும் திறந்த உரிமத்தில் வெளியானவற்றையுமே இவ்வகையில் சேர்க்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் திட்டத்தின் பொருளியல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் அது வெளிவந்திருப்பதால், அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதத்தை வைத்துப் பணக்கொள்கையை விளக்கும் பகுதிக்குப் பதிலாக, சிங்கப்பூர் நாணய ஆணையம் சிங்கப்பூர் வெள்ளியின் நாணய மாற்று விகிதத்தைக் கொண்டு அதை நடத்தும் முறையை நம் விரிவுரையாளர் எழுதிச் சேர்க்கலாம். நம் மாணவர்களுக்கு உண்மையில் வேண்டியது அப்படிப்பட்ட அத்தியாயம்தான். ஆகவே, உரிமத்தைப் படிக்காமல் எந்தக் கோப்பையும் பாடத்தில் சேர்க்காதீர்கள்.

பகுதிநேர விரிவுரையாளர்: என் விரிவுரைக் குறிப்புகளை நானே திறந்த உரிமத்தில் வெளியிடலாமா?

முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் ஆக்கம், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், சிங்கப்பூர்ச் சட்டப்படி முதலாளிக்கே உரியது. பகுதிநேரப் பணிக்கு ஒப்பந்தத்தின் சொற்கள் இன்னும் முக்கியம். திறந்த உரிமங்களில் பரவலாகப் பயன்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை வழங்கினால் திரும்பப் பெற முடியாது என்பதால், குறிப்புகளில் ஒட்டியுள்ள பிறருடைய படங்களையும் அதற்கு முன்பே அகற்றிவிடுங்கள்.

முதுகலை மாணவி: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் வெளியிடும் திறந்த பாடங்களைத் தமிழாக்கம் செய்யலாமா, ஐயா?

தாராளமாகச் செய்யலாம். வணிக நோக்கம் கூடாது, தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். அங்கு பிறரிடமிருந்து பெற்றதாகக் குறிக்கப்பட்ட படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாற்றத்தைத் தடைசெய்யும் உரிமம் கொண்ட நூலானால், மொழிபெயர்ப்பை வெளியிடவும் அனுமதி கிடையாது. உங்கள் தமிழாக்கத்தை ஒருங்குறியில் (யூனிகோடில்), திருத்தக்கூடிய கோப்பாக வெளியிடுங்கள். வருடிய பக்கங்களின் பிடிஎப் கோப்பாக மட்டும் தந்தால், அடுத்தவர் ஒரு வரியைத் திருத்தவும் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேரும்.

இன்னொரு மாணவர்: யாரோ பதிவேற்றிய பாடநூல் பிடிஎப் இலவசம்தானே, வகுப்பில் பகிரலாமா?

முதல் பதிலில் சொன்னதுதான். உரிமத்தைப் படியுங்கள்.

துணைப்பாட நிலைய உரிமையாளர்: எம்ஐடி பாடங்களை வைத்து நாங்கள் கட்டண வகுப்பு நடத்தலாமா?

கூடாது. இலாப நோக்கில் கட்டணம் பெற்று நடத்தும் வகுப்புக்கு அந்த உரிமம் இடம் தருவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்குகிறதே! அதற்கு அனுமதி, இவருக்கு மறுப்பு என்பது நியாயமா, ஐயா?

நியாயமான கேள்வி. உரிமம் பார்ப்பது பயன்படுத்துபவர் யார் என்பதை அன்று. பயன்பாட்டின் முதன்மை நோக்கம் வணிக ஆதாயமா என்பதைத்தான். ஆனால் அந்த எல்லைக்கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இல்லை என்பதை ஏற்கிறேன். நம் விரிவுரையாளர்கள் வணிகத் தடை இல்லாத உரிமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அத்தடையுள்ள குறிப்பையும், அத்தடையின்றி அதே உரிமத்தில் பகிரவேண்டிய விக்கிப்பீடியாக் கட்டுரையையும் கலந்து ஒரே பாடமாக எழுதி வெளியிட இயலாது. இரண்டின் நிபந்தனைகளும் ஒன்றோடொன்று முரண்படும்.

துணைப்பாட நிலைய உரிமையாளர்: அப்படியானால் எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. மேலே சொன்ன பொருளியல் நூலைக் கட்டண வகுப்பிலும் மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களும் அப்படியல்ல. கால்குலஸ் நூலுக்கு வணிகத் தடை உண்டு. ஆகவே ஒவ்வொரு நூலின் உரிமத்தையும் தனித்தனியே படியுங்கள்.

கல்வி ஆய்வாளர்: சிங்கப்பூரில் உள்ள நம் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலும் இதன் பயன்பாடு பெருக எதை முதலில் செய்யவேண்டும்?

விரிவுரையாளருக்கு நேரம் ஒதுக்கவேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குப் பதவி உயர்வில் மதிப்பு உண்டு. ஓர் அத்தியாயத்தை நம் சூழலுக்கு ஏற்பத் திருத்தி எழுதும் உழைப்பையும் மதிப்பீட்டில் சேர்த்து, அதற்காக ஒரு பருவத்தில் கற்பித்தல் பளுவைக் குறைக்கலாம். எழுதியதைச் சரிபார்க்க வேறொரு பல்கலைக்கழகத்தின் அதே துறையினரை அமர்த்தினால், அவர்களே அதைத் தங்கள் வகுப்புக்கும் எடுத்துச்செல்வார்கள். உரிமச் சிக்கல்களைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு நூலகத்திலும் ஒருவர் இருந்தால், தொடங்குவதற்கு அது போதும்.