வாய் கோணியது, பத்து நிமிடத்தில் சரியானது: திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. காலையில் உங்கள் அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, காபி டம்ளர் கைநழுவி, பிறகு சரியானது என்கிறீர்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சற்றே அடைபட்டு விலகியிருக்கலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இப்போதே 108-ஐ அழையுங்கள்.

குடியாத்தத்தில் கிளினிக் கிளினிக்காக அலையாமல், ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் சரி. மறுபடி வந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துவையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. ஸ்கேனுக்கு முன் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் வினையாகும்.

என் மாமனாருக்கு வேலூர் வெயில் மயக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்கவைத்தோம். மோர் கடைவாயில் வழிந்த பிறகுதான் பக்கவாதம் என்று உறைத்தது.