பின்தொடரும் மகனுக்குப் பொலிஸ் தொடாத கடிதம் உண்டா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்கு 19 வயது. ஓட்டிசம் என்று சின்ன வயதிலேயே கண்டறிந்தார்கள். இரண்டு மாதமாகப் பாடசாலை விட்டு வரும் ஒரு மாணவிக்குப் பின்னால் சைக்கிளில் போகிறான், கைத்தொலைபேசியில் படமும் எடுத்திருக்கிறான். அந்த மாணவியின் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். “பொலிஸ் தொட முடியாத” வைத்தியக் கடிதம் எடுத்துத் தருவதாக ஒருவர் 60,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? இல்லை, அறைக்குள் பூட்டி வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம் அம்மா. பூட்டினால் கதவு திறக்கிற நாளில் அவன் நேரே அதே ஒழுங்கைக்குத்தான் போவான். காசு கொடுத்தால் அதைவிட மோசமான ஆபத்து வரலாம்.

முதலில் அந்தக் கடிதம். ஓட்டிசம் உள்ளவரைப் பொலிஸ் கைது செய்யக் கூடாது என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவைத்தான் இந்தத் தரகர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பிரிவு சித்தசுவாதீனம் இல்லாமல், தான் செய்வது என்னவென்றோ அது பிழையென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவருக்கு மட்டும் உரியது. உங்கள் மகன் அந்த மாணவியின் மாமாவைக் கண்டதும் படத்தை ஒளித்திருந்தால், அது பிழை என்று தெரிந்துதான் ஒளித்தான் என்று எதிர்த்தரப்பு ஒரு கேள்வியிலேயே காட்டிவிடும். சரி, நீதிமன்றம் 77ஐ ஏற்றுக்கொள்கிறது என்றே வைப்போம். அதன் பொருள் அன்று பின்னேரம் வீட்டுக்கு வரலாம் என்பதல்ல. பாதுகாப்பான இடத்தில் வைக்கும்படி கட்டளை வரலாம். எப்போது வெளியே வருவான் என்று திகதி குறித்த சிறைத்தண்டனையும் அது அல்ல. “மனநிலை சரியில்லாதவர்” என்று விலைக்கு வாங்கிய ஒரு வரி பிள்ளையை அந்தப் பாதையில் தள்ளிவிடும். காசை வாங்கினவர் அன்றைக்கு தொலைபேசியை எடுக்கவும் மாட்டார்.

உங்களுக்கு வேண்டிய கடிதம் இலவசம். யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவுக்குப் பழைய கிளினிக் கொப்பியோடு போங்கள். “ஓட்டிசம் உள்ளது” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். கேள்வியை எப்படிக் கேட்டால் விளங்கும், எதில் பதறுவான், எதனால் அடங்குவான், இந்தப் பின்தொடர்தலுக்கு இப்போது என்ன செய்யப்படுகிறது, யாரை அழைக்க வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். குற்றத்தை மறைக்கிற கடிதத்தைவிட ஆளை விளக்குகிற கடிதம்தான் நீதிவானுக்கு உதவும்.

இங்கிலாந்தில் 2015 ஒக்டோபரில் வந்த தேசிய சேவைத் திட்டத்தில், சட்டத்தோடு சிக்கும் அபாயமுள்ள ஓட்டிசக்காரருக்கு ஊருக்குள்ளேயே சிறப்பு ஆதரவு வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். உளவியலாளர், தாதி, பேச்சுச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு வீட்டுக்கே போய் வேலை செய்யும். யாழ்ப்பாணத்தில் சிறுவர் கிளினிக் வயது தாண்டியதும் கையை விட்டுவிடுகிறார்கள். அடுத்த கதவு பொலிஸ் நிலையம். இது வெட்கக்கேடு. அந்தக் குழுவை நீங்களே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது: உளநல வைத்திய அதிகாரி, பிரதேச செயலகத்து சமூக சேவை உத்தியோகத்தர், அவன் பேச்சைக் கேட்கிற ஒரு உறவினர். மூவரின் கையிலும் ஒரே பக்கத் திட்டம் இருக்கட்டும்.

அந்தத் திட்டம் ஒரு கொப்பியில் தொடங்கும். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் நாலு விஷயம் எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. காரணம் தெரியாமல் மருந்து இல்லை. ஒருநாள் அந்தப் பிள்ளை சிரித்திருக்கலாம், அவன் கணக்கில் அது சிநேகிதம். அல்லது அவன் பார்ப்பது அவளையே அல்ல, அவளுடைய சைக்கிள் மணியையோ நிறத்தையோ. அல்லது பாடசாலை விடும் 1.30க்குப் பிறகு நாள் முழுக்க வேறொன்றுமே இல்லை. முதலாவதற்குச் சிநேகிதம் என்றால் என்னவென்று படிப்பிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சைக்கிள் திருத்தகத்தில் தினம் ஒரு மணித்தியாலம் போதும். மூன்றாவதற்கு நேர அட்டவணை.

“ஒழுங்காக நட” என்று சொல்லி ஒன்றும் ஆகாது. “பின்னால் போகாதே” என்றாலும் பக்கத்தில் போவான், சொன்னதைக் கேட்டதாகவே நம்புவான். விதி இப்படி இருக்கட்டும்: “1.15 மணிக்கு வீட்டுக்குள். 2.30க்குப் பிறகு சைக்கிள். நூலகம், எங்கள் மாமா வீடு, கடை. ஆட்களைப் படம் எடுப்பதில்லை.” மட்டையில் எழுதி கேற்றின் உட்பக்கம் ஒட்டுங்கள். ரியூசன் விடுகிற நேரங்களையும் கணக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் அதே தொல்லை பின்னேரம் வரும். பதற்றம் கூடினால் வைத்தியர் ரிஸ்பெரிடோன் தரக்கூடும். அது பதற்றத்தைத் தணிக்கும், உடம்பு எடை போடும். யாருக்குப் பின்னால் போகக் கூடாது என்று எந்தக் குளிசையும் படிப்பிக்காது.

மன்னிப்புக் கேட்க அவனை அந்தப் பிள்ளையிடம் கூட்டிப்போகாதீர்கள். அவளுக்கு அது இன்னொரு பயம், அவனுக்கு இன்னொரு சந்திப்பு. நீங்களும் ஒரு பெரியவரும் அவளுடைய பெற்றோரிடம் போய், எந்த நேரம் அவன் வெளியே வரமாட்டான் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். முறைப்பாடு செய்ய வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். அது அவர்களுடைய உரிமை. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். முறைப்பாடு வந்துவிட்டால் கைத்தொலைபேசியில் உள்ளதை அழிக்காதீர்கள், சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பொலிஸ் கூப்பிட்டால் தனியே அனுப்பாதீர்கள். நம்மடை பிள்ளைகளின் பெரிய ஆபத்து “ஓம்”. “நீதானே செய்தாய்?” ஓம். “நேற்றுமா?” ஓம். “கத்தி வைத்திருந்தாயா?” அதற்கும் ஓம். கேள்வி முடியட்டும் என்றுதான் சொல்கிறான். பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்காது. ஆனாலும் அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் விசாரணை எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகும். தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். சட்டைப்பையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை: “எனக்கு ஓட்டிசம். தொடாமல், ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.” கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும். வைத்தியக் கடிதத்தின் பிரதி அன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நீதிமன்ற வாசலில் இன்னொரு தரகர் நிற்பார்: “ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு போகலாம்.” குற்றப்பதிவு அவனோடுதான் இருக்கும், தரகரோடு அல்ல. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. அழைப்பு வருமுன்னரே போய்ப் பெயரைப் பதியுங்கள். உளநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.