ஹயபுசா: ஒரு பெயர், பல சொந்தக்காரர்கள் (கேள்வி பதில்)

ஜப்பானில் ‘ஹயபுசா’ என்ற பெயர் ஒரு பறவைக்கு உண்டு. ஒரு போர் விமானத்துக்கும், ரயிலுக்கும், விண்கலத்துக்கும், பைக்குக்கும், போர்ப்படகுக்கும், ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் வந்த வரிசையிலேயே கீழே.

கோவை: ஹயபூசாவா, ஹயாபுசாவா? எது சரி?

நாலு எழுத்துமே குறில்: ஹ, ய, பு, ஸ. ‘பூ’ என்று நீட்டுவது ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. குறிலில் முடித்தால் தமிழில் சொல் அரைகுறையாக நிற்கும் என்பதால் நான் ‘ஹயபுசா’ என்று எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ‘பூசா’ என்றால்தான் புரியும், அங்கே அப்படியே சொல்லுங்கள்.

திருநெல்வேலி: இது கழுகுதானே?

இல்லை. ஜப்பானிய மொழியில் கழுகு ‘வாஷி’, பருந்து வகை ‘டாகா’, வல்லூறு ‘ஹயபுசா’. நம் பறவை ஆர்வலர்கள் பொரி வல்லூறு என்பது இதைத்தான். இரை மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதன் தெற்காசிய இனமான ஷாகின் இலங்கையில் சீகிரியாக் குன்றிலும் வாழ்கிறது. ‘ராஜாளி’ என்ற சொல்லை நாம் பல வேட்டைப் பறவைகளுக்குப் பொதுவாகப் புழங்குவதால் அதை இங்கே தவிர்க்கிறேன்.

திருச்சி: இணையத்தில் தேடினால் எல்லாம் கலந்து வருகிறது. பிரிப்பது எப்படி?

நல்ல கேள்வி. எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானியர் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுவார்கள். விண்கலமும் ரயிலும் படகும் வளைந்த ஹிரகானாவில் வரும். பறவையியல் நூல்களில் பறவையும், இதே பெயரில் களமிறங்கிய ஒரு மல்யுத்த வீரரும், பெரும்பாலும் பைக்கும் கோணங்கள் கொண்ட கட்டகானாவில் வரும். போர் விமானத்துக்கும் டொட்டோரி மாவட்டத்து ரயில் நிலையத்துக்கும் ஒற்றைக் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து. அந்தக் கான்ஜியில் மேலே குட்டைவால் பறவையின் குறி, அதன் கீழே பத்து என்ற எண்ணின் சிலுவை வடிவம், மொத்தம் பத்துக் கோடுகள். பைக்கின் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டியிருப்பதும் இதே எழுத்துதான். ஸ்டிக்கர் வாங்கும்போது கீழேயுள்ள சிலுவை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் வேறு சொல் ஆகிவிடும்.

சென்னை: போர் விமானத்தின் பெயரைத்தான் பைக்குக்கு வைத்தார்களாமே?

இல்லை, பறவையின் பெயர். சுசுகியின் இந்தப் பைக் 1999-இல் வந்தபோது வேகத்தில் முன்னால் நின்றது ஹோண்டாவின் ‘பிளாக்பேர்ட்’. அந்தக் கரும்பறவையை வேட்டையாடும் பறவை என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் என்பதாலேயே ஒன்று மற்றொன்றின் வாரிசு ஆகிவிடாது. முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு எழுத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

திருகோணமலை: 1942-இல் எங்கள் துறைமுகத்தைக் குண்டு போட்டுத் தாக்கியவை ஹயபுசா விமானங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

அவை ஹயபுசா அல்ல. ஏப்ரல் 5 கொழும்பிலும், ஏப்ரல் 9 திருகோணமலையிலும் தாக்கியவை கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தவை. துணைக்கு வந்த சண்டை விமானம் ஜீரோ. ஹயபுசா தரைப்படையுடையது, கப்பலிலிருந்து பறக்காது. இரண்டும் மெலிந்த உடல், வட்டமான முகப்பு என்று ஒரே சாயலில் இருக்கும். அதனால் நேச நாட்டு விமானிகளே குழம்பியிருக்கிறார்கள்.

பெயர் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 1940 என்பது 2600, எனவே கடற்படை விமானம் ‘பூஜ்ய வகை’. 1941 என்பது 2601, எனவே தரைப்படை விமானம் ‘ஒன்றாம் வகை’. தரைப்படை கொடுத்த வரிசைக் குறியீடு கி-43, செய்தது நகாஜிமா நிறுவனம். ‘ஹயபுசா’ என்பது மக்களிடம் பிரபலப்படுத்த வைத்த அழைப்புப் பெயர். நேச நாடுகள் வைத்த பெயர் ‘ஆஸ்கர்’. வளைந்து திரும்புவதில் கெட்டிக்கார விமானம். ஆனால் துப்பாக்கி இரண்டே இரண்டு, தொடக்கத்தில் விமானிக்குக் கவசத் தகடும் இல்லை. எரிபொருள் தொட்டியில் குண்டு பட்டாலும் தப்புவது அரிது.

செங்கல்பட்டு: பெயர்களுக்குள் உறவே இல்லை என்கிறீர்கள். அந்த விமானத்தை வடிவமைத்தவர் இதொகாவா. ஹயபுசா விண்கலம் இறங்கிய சிறுகோளின் பெயரும் இதொகாவா. இது தற்செயலா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். கி-43-இன் தலைமை வடிவமைப்பாளர் கோயாமா யசுஷி. ஹிதேஓ இதொகாவா காற்றியக்கப் பகுதியைப் பார்த்தவர். போருக்குப் பிறகு அவர் ராக்கெட்டுக்கு மாறினார். 1955-இல் கொகுபுன்ஜியில் 23 சென்டிமீட்டர் நீளமுள்ள ‘பென்சில்’ ராக்கெட்டைக் கிடைமட்டமாகச் சுட்டுக் காட்டினார். ஜப்பானிய ராக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது அதிலிருந்துதான்.

இப்போது தேதிகள். விண்கலம் ஏறியது 2003 மே 9. அதுவரை அதன் பெயர் மியூசஸ்-சி. ஏவுதல் வெற்றி பெற்ற பிறகே பெயர் சூட்டுவது அதைச் செய்த ஜப்பானிய விண்வெளி ஆய்வுக் கழகத்தின் வழக்கம். அப்போது அந்தச் சிறுகோளுக்கு 1998 எஸ்எஃப்36 என்ற எண் மட்டுமே இருந்தது. இதொகாவா என்ற பெயர் வந்தது 2003 ஆகஸ்டில். அதாவது கலத்துக்கு ஹயபுசா என்று பெயர் வைத்த நாளில் இதொகாவா என்றொரு சிறுகோளே இல்லை.

செங்கல்பட்டு (மறுபடியும்): கலத்தைச் செய்தவர்கள் அவருடைய சீடர் வழி வந்தவர்கள். விமானம் அவர்கள் மனத்தில் இருந்திருக்காதா?

மனத்தில் என்ன இருந்தது என்பது வேறு, எதைக் காரணமாகச் சொன்னார்கள் என்பது வேறு. சொன்ன காரணம் இதுதான்: சிறுகோளை ஒரு நொடி தொட்டு, மண்ணைக் கவ்விக்கொண்டு மேலே எழும் கலம், வல்லூறு இரையைக் கவ்வுவது போல. சிறுகோளுக்கு இதொகாவாவின் பெயரை அந்தக் கழகமே பிறகு கேட்டு வாங்கியது. ஆகவே உறவு இருக்கிறது என்றாலும் அதன் திசை நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்: கலத்தின் பெயர் முதலில், கல்லின் பெயர் அடுத்து.

பினாங்கு: அந்த வாதத்தில் ரயிலை விட்டுவிட்டீர்களே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1958 முதல் டோக்கியோவிலிருந்து ககோஷிமாவுக்கு ‘ஹயபுசா’ என்ற இரவு ரயில் ஓடியது. விண்கலம் ஏறிய உச்சினோவுரா ஏவுதளம் அந்தக் ககோஷிமா மாவட்டத்தில்தான் இருக்கிறது. டோக்கியோவின் ராக்கெட் ஆட்கள் ஏறிப் போன ரயில்களில் இதுவும் ஒன்று. நெருக்கமான தொடர்பைத்தான் தேடுகிறீர்கள் என்றால் போர் விமானத்தைவிட இந்த ரயில் கிட்டே இருக்கிறது.

மதுரை: விண்கலத்தின் பெயரைச் சொன்னாலே ஜப்பானியர் கண்கலங்குவது ஏன்?

அது செத்துப் பிழைத்து வந்ததால். 2005 நவம்பரில் இரண்டு முறை இறங்கியது. மண்ணைக் கிளப்பச் சுட வேண்டிய சிறு குண்டு பாயவில்லை. டிசம்பரில் தொடர்பே அறுந்து, ஏழு வாரம் கழித்துத்தான் மறுபடி கிடைத்தது. அயனி எந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, 2009 நவம்பரில், வீடு திரும்பும் வழியில், இன்னொன்றும் நின்றது.

அயனி எந்திரத்தில் இரண்டு பாகம். ஒன்று செனான் அயனிகளை வெளியே தள்ளும். மற்றொன்று எலெக்ட்ரான்களை விட்டு மின்னூட்டத்தைச் சமன் செய்யும். சமன் செய்யாவிட்டால் கலம் எதிர்மின் ஏறி, தள்ளிய அயனிகளையே திரும்ப இழுத்துக்கொள்ளும். ‘ஏ’ எந்திரத்தில் சமன் செய்யும் பாகம் நன்றாக இருந்தது, ‘பி’-யில் அயனி தள்ளும் பாகம் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே எந்திரமாக ஓட்டினார்கள். அப்படிச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், கட்டும்போதே இரு எந்திரங்களின் மின்சுற்றுகளுக்கு நடுவே முன்னெச்சரிக்கையாக வைத்திருந்த ஒரு டயோடு. 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியாவின் ஊமெராவில் மண்ணைச் சுமந்த கூடை (கேப்சூல்) மட்டும் பத்திரமாக இறங்கியது. கலம் காற்றில் எரிந்துபோனது. கூடைக்குள் சுமார் 1,500 மண் துகள்கள் இருந்தன.

சேலம்: பைக் பெயர் விமானத்திலிருந்து வந்ததா?

மேலே சென்னைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஈரோடு: பழைய ஹயபுசா வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

என் துறை பெயர்தான், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். 1999, 2000 வண்டிகளில் இருக்கைக்குக் கீழே உள்ள பின்சட்டம் அலுமினியம். பின்னால் ஆளும் சுமையும் ஏற்றி ஓட்டிய வண்டிகளில் அது விரிசல் விட்டதுண்டு. பிறகு எஃகுக்கு மாற்றினார்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அலுமினியம். பற்றவைப்பு இடங்களை டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். 1340 சிசி எந்திரம் 2008 முதல்தான். 2005 வண்டியை 1340 என்று விற்றால் கேள்வி கேளுங்கள்.

கொழும்பு: டோக்கியோவிலிருந்து ஹயபுசா ரயிலில் போகிறேன். கவனிக்க வேண்டியது?

அந்த இரவு ரயில் 2009-இல் நின்றது. பெயர் 2011 மார்ச் 5 முதல் வடக்கே போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு வந்தது. 2013 முதல் 320 கிலோமீட்டர் வேகம். எல்லா இருக்கையும் முன்பதிவுதான், பொதுப்பெட்டி கிடையாது. பல ஹயபுசாக்களோடு சிவப்பு நிற கொமாச்சி ரயிலைச் சேர்த்து ஓட்டுவார்கள், மொரியோகாவில் பிரிப்பார்கள். ஒன்று முதல் பத்து வரையிலான பெட்டிகள் ஹயபுசா, பதினொன்று முதல் கொமாச்சி. உள்ளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக வழியில்லை. தவறி பதினோராம் பெட்டியில் ஏறினால் அகிதா போய்ச் சேருவீர்கள்.

தஞ்சாவூர்: பைக்குக்கும் விமானத்துக்கும்…

தேதி, எழுத்து. சென்னைக்குச் சொன்னதுதான்.

விருதுநகர்: செல்போன் விளையாட்டில் வரும் நிஞ்சா ஹயபுசா?

கற்பனைப் பாத்திரம், பறவைப் பெயர். விளையாட்டைப் பற்றி விளையாடுபவர்களிடம் கேளுங்கள்.

கோயம்பேடு: கடற்படைப் படகு?

ஆறு ஏவுகணைப் படகுகள் கொண்ட வரிசையின் முதல் படகு, 2002. மற்ற ஐந்தின் பெயர்களும் வாகடாகா, ஓடாகா, குமடாகா, உமிடாகா, ஷிராடாகா. எல்லாவற்றிலும் ‘டாகா’ இருப்பதைக் கவனியுங்கள், பருந்துக் கூட்டத்தில் ஒரே வல்லூறு.

புதுச்சேரி: ஹயபுசா என்ற ஊருக்கு பைக்கில் போகிறார்களாமே? ஹயபுசா ரயில் அங்கே நிற்குமா?

நிற்காது. ரயில் வடக்கே போகிறது, நிலையம் மேற்கே டொட்டோரி மாவட்டத்தில் யாசு ஊரில் இருக்கிறது. 1930-இல் திறந்த மரக்கட்டிட நிலையம். பெயர் அந்த வட்டாரத்துடையது, பைக்குக்கு எத்தனையோ ஆண்டு முந்தையது. ஆண்டுதோறும் பைக்காரர்கள் கூடுகிறார்கள். ரயிலில் போக டொட்டோரியிலிருந்து வரும் வழியில் கோகே நிலையத்தில் வகாசா ரயில்வேக்கு மாறுங்கள். அது தனி நிறுவனம், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் அங்கே செல்லாது. சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.