மாடியில் லேப்டாப், கீழே பிரிண்டர்

கேள்வி: கீழே நெல் மண்டிக் கணக்குக் கம்ப்யூட்டர், அதில் யுஎஸ்பி கேபிளில் லேசர் பிரிண்டர். மாடியில் மகளின் லேப்டாப். ஒரே வைஃபை, இரண்டிலும் விண்டோஸ். பிரிண்டரை ஷேர் செய்தும், கரண்ட் போய் வந்தால் மாடியில் 'ஆஃப்லைன்'. சில நேரம் 11பி என்று முடியும் பிழை எண். என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: யுஎஸ்பி பிரிண்டருக்குக் கீழ்க் கம்ப்யூட்டர்தான் வாசல். அது அணைந்தோ ஸ்லீப்பில் தூங்கியோ கிடந்தால் மாடியிலிருந்து பிரிண்ட் போகாது. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் வந்ததும் பிரிண்டரின் பட்டனையும் பாருங்கள். பல மாடல்கள் தானாக எழுந்திருப்பதில்லை.

அடுத்து, இரண்டிலும் வைஃபை 'பிரைவேட்' ஆக இருக்கிறதா? 'பப்ளிக்' என்றிருந்தால் ஃபயர்வால் மறித்துவிடும். லேப்டாப்பில் கீழ்க் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை (ரவுட்டர் தரும் முகவரி எண்) கொடுத்து இணைத்திருந்தால் அதை நீக்கிவிட்டு, \\ போட்டுக் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுங்கள். ரவுட்டர் அணைந்து எழும்போது ஐபி மாறலாம், பெயர் மாறாது. பாஸ்வேர்டு கேட்டால் கீழ்க் கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டைத் தர வேண்டும். திறக்கப் போடும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

11பி பிழைக்கு வேர், 2021 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட். ஒன்றில் அப்டேட் ஏறி, மற்றொன்றில் ஏறாவிட்டால் இணைப்பு முறியும். இரண்டையும் அப்டேட் செய்யுங்கள். அப்படியும் வந்தால், பிரிண்டரின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) லேப்டாப்பில் நேரடியாக நிறுவுங்கள். பிறகு 'ஆட் பிரிண்டர்' போய், லோக்கல் பிரிண்டர், புதிய போர்ட், 'லோக்கல் போர்ட்' என்று தேர்ந்து, \\கம்ப்யூட்டர் பெயர்\ஷேர் பெயர் என்று அடியுங்கள். ஷேர் பெயர் இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல்லாக இருப்பது நல்லது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) ஓர் எண்ணை 0 ஆக்கச் சொல்லும் குறுக்குவழி வேண்டாம். அந்தப் பாதுகாப்பையே அது கழற்றிவிடும்.

கரண்ட் இல்லாதபோது லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரில் போடாதீர்கள். மையை உருக்கிப் பதிக்கும் ஃபியூசர் சூடேறும் நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடில் விழும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் மட்டும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: என் பிரிண்டரிலேயே வைஃபை உண்டு. அதுவும் அடிக்கடி 'ஆஃப்லைன்' ஆகிறதே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ரவுட்டரில் ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை, உதாரணமாக 192.168.1.50, நிரந்தரமாக ஒதுக்குங்கள். விண்டோஸில், பிரிண்டரைத் தானாகக் கண்டறிந்து இணைக்கும் 'டபிள்யூஎஸ்டி' போர்ட்டுக்குப் பதில் அந்த ஐபியுடன் 'டிசிபி/ஐபி' போர்ட் போடுங்கள். பிரிண்டர் விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தால் முதலில் அங்கிருந்து மாற்றுங்கள்.