ஏ.எல். எழுதிவிட்டு மூன்று மாதம் பாதை வெட்டும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: "அமெரிக்காவில் இளைஞர்கள் பூங்காக்களிலும் காடுகளிலும் நடைபாதை அமைக்கும் பருவகால வேலைக்குப் போகிறார்கள். மலையகத்தில் அப்படி உண்டா? ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறேன். அப்படி ஒரு மூன்று மாத வேலை வந்திருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். போகலாமா?"

போகலாம். நானும் ஏ.எல். எழுதிவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிவரை அந்த வேலை செய்தவன்தான். எங்கள் வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். "மம்பட்டி பிடிக்கவா உன்ன பதிமூணு வருசம் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கான் (மழைநீர் வடியும் வாய்க்கால்) வெட்டியவர். அம்மா கொழுந்து பறிக்கிறவர். மூன்று தலைமுறையாக வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்கும் மம்பட்டியை நான் ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு எப்படி இருக்கும்? உங்கள் வீட்டுக் கோபமும் அநேகமாக இதுதான். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர்ப்ஸ் 1942வரை நடந்தது. ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்கள் அதில் சேர்ந்து மரம் நட்டார்கள், பூங்காக்களில் பாதை போட்டார்கள். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். (இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பையன்களின் கணக்கும் இதேதான்.) இப்போது அங்கே அதே வழியில் பல குழுக்கள் இருக்கின்றன. பத்துப் பேருக்குள் ஒரு குழு, கூடாரத்தில் தங்கல், சிறிய உதவித்தொகை, முடித்தால் சிலவற்றில் படிப்புச் செலவுக்கு ஒரு தொகை. அந்தப் படிப்புத் தொகைக்கு அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். ஆகவே வீடியோ பார்த்து ஏங்குவதில் பயனில்லை.

இங்கே வேலை துண்டு துண்டாகத்தான் வரும். ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில், நக்கிள்ஸ் மலைக் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். இரண்டும், சிவனொளிபாத மலைக் காடும் சேர்த்து, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு அதிகம் இருப்பது தோட்டத்துப் பழைய பாதைகளில். பெக்கோ டிரெயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. வழியில் கலஹா, பூண்டுலோயா, வட்டகொடை, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் வரும். அதற்கென்று புதிதாக மலையைக் குடையவில்லை. பெரும்பகுதி நம் ஆட்கள் தேயிலை மூட்டையோடு நடந்த பழைய பாதைகள்தான். வெள்ளைக்காரர் முதுகுப்பையோடு நடப்பதால் இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் போனது வேறொரு சின்னக் குழு, பெயர் வேண்டாம். ஒன்பது பேர், அதில் இரண்டு பெண்பிள்ளைகள், மூன்று பேர் சிங்களப் பையன்கள். அலவாங்கு (கடப்பாரை), மம்பட்டி, கத்தி, ஒரு தள்ளுவண்டி. மலையின் மேற்குப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, அதனால்தான் அந்த மாதங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மண்வேலை சரிவராது. கிழக்கே ஊவாப் பக்கம் கணக்கு வேறு, அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மழை குறைவு.

முதல் வாரம் நாங்கள் செய்தது அத்தனையும் வீண். செங்குத்தான ஓரிடத்தில், மேலிருந்து கீழே நேர்கோட்டில், அழகாகக் கல்படி அடுக்கினோம். படம்கூட எடுத்துப் போட்டோம். அன்றிரவு காலம் தப்பி ஒரு மழை. காலையில் போய்ப் பார்த்தால் படி இருந்த இடத்தில் ஓடை.

எங்களோடு பென்ஷன் எடுத்த ஒரு கான் வெட்டுகாரர் இருந்தார், எல்லோருக்கும் அவர் மாமா. அதைப் பார்த்து அவர் திட்டவே இல்லை. கேத்தலில் மிச்சமிருந்த வெறுந்தேத்தண்ணியைப் பாதையில் ஊற்றிவிட்டு, "எங்குட்டு போகுதுன்னு பாரு" என்றார். தேத்தண்ணி பாதை நெடுக ஓடியது. "பாத வெட்டல தம்பி, நீ கான் வெட்டியிருக்க" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் பத்து மணித் தேத்தண்ணியில் ஒரு பங்கு மண்ணுக்குத்தான் போனது.

அவர் சொல்லித் தந்ததை அப்புறம் வெளிநாட்டுக் கையேடுகளிலும் படித்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பாதை சரிவுக்குக் குறுக்கே போகவேண்டும். அதன் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையை விட்டு இறங்காமல் அதன்மேலேயே ஓடத் தொடங்கும். வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடக் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாத அளவு, தாழ்ந்திருக்கவேண்டும். அப்போது மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து பரவலாக இறங்கிவிடும். இடையிடையே கல்லைச் சாய்வாகப் புதைத்துத் தண்ணீரை வெளியே திருப்பவேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் படி. அதையும் அடியிலிருந்து தொடங்கி, கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும்படி வைக்கவேண்டும். தோட்டத்துக் கானுக்குள் இடைக்கிடை திண்டு விட்டு மண்ணைப் பிடித்து வைப்பார்களே, அதே மூளைதான் இதிலும். தாத்தா நாற்பது வருடம் செய்ததைத் தோட்டத்தில் சில்லறை வேலைக் கணக்கில் எழுதினார்கள். எனக்கு அதையே செய்ததற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். முழங்கால்வரை துணி மேசு (காலுறை), சவர்க்காரம், உப்பு, போதும். பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருப்பது உங்களுக்கே தெரியும். கத்தியை வீசுவதற்கு முன்னால் புதரையும் மேலே மரத்தையும் பாருங்கள். முன்பு கொட்டி உடம்பு வீங்கியவர் என்றால் இந்த வேலையே வேண்டாம். சுருக்குக் கம்பிகளும் அகப்படும். பன்றிக்கு வைக்கிறார்கள், சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கறுஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டி, பிறகு செத்துப்போனது. கம்பியைக் கண்டால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகவே கூடாது.

காசு விஷயத்தில் நான் ஏமாளி. எங்களுக்கு மூன்றாம் மாதச் சம்பளம் ஜூனில்தான் கைக்கு வந்தது. ஒரு பையனின் கால்விரலில் அலவாங்கு விழுந்தபோது, மருந்துச் செலவு யாருடையது என்று இரண்டு வாரம் பேச்சு நடந்தது. ஆகவே போவதற்கு முன்னால் நாட்சம்பளமா மாதச் சம்பளமா, மழை நாளுக்குக் காசு உண்டா, காப்புறுதி உண்டா, சப்பாத்து யார் வாங்கித் தருவது என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். "தொண்டர் வேலை, அனுபவம் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். லயத்துப் பிள்ளையின் மூன்று மாதம் இலவசமில்லை.

பெறுபேறு வந்ததும் அதே துறையில் போக வேண்டும் என்றில்லை. எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி வழிகாட்டியாக இருக்கிறாள், ஒருவன் நில அளவை படிக்கிறான். நான் இப்போது கம்பளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன்.

நாங்கள் வெட்டிய துண்டில் பாதி, எங்கள் டிவிஷனிலிருந்து கோயிலுக்குப் போகும் குறுக்குவழி. அம்மா இப்போது அதால்தான் போய்வருகிறார். போன வாரம் போன் எடுத்து, கீழிருந்து நான்காவது கல் ஆடுகிறது, பொங்கல் லீவில் வரும்போது மம்பட்டியோடு போய்ப் பார்த்துவிட்டுப் போ என்றார்.