டிரெய்லர் இழுக்கும்போது அடைத்துக்கொள்ளும் புகை வடிகட்டி: கேள்வி பதில்

அமெரிக்காவில் முக்கால் டன், ஒரு டன் வகை டீசல் பிக்கப் வண்டிகளில் டிரெய்லர் இழுப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, டீசல் மெக்கானிக் என்ற முறையில் இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டென்வரிலிருந்து ஐ-70 சாலையில் மேற்கு நோக்கி மலை ஏறும்போது, புகை வடிகட்டி நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. பின்னால் 9,000 பவுண்டு டிரெய்லர் இருக்கிறது. டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது எச்சரிக்கை வருவதில்லை. சுமைதான் வடிகட்டியை அடைக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே இருந்த அடைப்பைச் சுமை காட்டிக்கொடுக்கிறது என்பதே சரி. வடிகட்டிக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு முனையில் மூடப்பட்டிருப்பதால், புகை நுண்துளைச் சுவர்களின் வழியாகப் புகுந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடுகிறது. வெளியேறும் புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை நீடித்தால், புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு இந்தக் கரியைச் சிறிது சிறிதாகத் தானே எரித்துவிடுகிறது. சமவெளி நெடுஞ்சாலையில் டிரெய்லரை ஒரே வேகத்தில் இழுத்துச் செல்வது இந்த வெப்பத்தை எளிதில் தருகிறது என்பதால், வடிகட்டிக்கு அதைவிட நல்ல ஓட்டம் கிடையாது. கரி சேர்வது வாரநாட்களில்தான்: கடைக்கும் பள்ளிக்கும் செல்லும் குறும்பயணங்களிலும், குளிர்காலக் காலைகளில் இஞ்சினை நீண்ட நேரம் வெறுமனே ஓடவிடும் பழக்கத்திலும்.

பிறகு ஏன் மலையில் எச்சரிக்கை வருகிறது? வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. முழு இழுவையில் வெளியேறும் புகையின் அளவு பல மடங்கு கூடுவதால், பாதி அடைத்த வடிகட்டியின் உண்மை நிலை அப்போதுதான் தெளிவாகத் தெரியவரும். இதோடு உயரமும் சேர்கிறது. அந்தச் சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ அதில் பெரும்பகுதியை ஈடுசெய்தாலும் முழுவதையும் ஈடுசெய்வதில்லை. ஆகவே கரி சற்றுக் கூடுதலாகவே உண்டாகும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை வந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடலாமா?

பதில்: எச்சரிக்கையின் வாசகத்தை முதலில் படியுங்கள். “வடிகட்டி சுத்தமாகிறது, தொடர்ந்து ஓட்டவும்” என்ற பொருளில் வந்தால், ரீஜென் என்று நாம் சொல்லும் எரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். வண்டி கூடுதலாக டீசலைச் செலவழித்து, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நிறுத்துவதுதான் தவறு. கரி நிறைந்த வடிகட்டி எரிந்துகொண்டிருக்கையில் இஞ்சின் திடீரென வெறும் ஓட்டத்துக்கு இறங்கினால், வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் புகையோட்டம் குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் அந்தப் புகையில் ஆக்சிஜனின் பங்கு கூடிவிடுகிறது. தீ தணிவதற்குப் பதில் உள்ளேயே கட்டுமீறி, பீங்கானில் விரிசலை உண்டாக்கலாம். சில இடங்களில் அதை உருக்கியும் விடலாம். எனவே டோ-ஹால் என்ற சுமை இழுப்பதற்கான கியர் முறையைப் போட்டு, ஒரு கியர் கீழே இறக்கி, இஞ்சின் திணறாத சுழற்சியில் இருபது முப்பது நிமிடம் சீராக ஓட்டுங்கள். அடுத்த எக்ஸிட்டில் காபி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள்.

“சக்தி குறைக்கப்பட்டது” என்ற எச்சரிக்கை வந்துவிட்டால் கணக்கே வேறு. தானாக எரிக்கும் எல்லையைக் கரியின் அளவு தாண்டியிருக்கலாம். அப்போது முழுச் சுமையுடன் ஏற்றத்தில் வற்புறுத்துவது டர்போவையும் சேர்த்து வாட்டும். பாதுகாப்பான இடத்தில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டியை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே ஸ்கேன் கருவியை இணைத்து, நின்ற நிலையிலேயே ரீஜென் செய்வார்கள். அதையும் மறுக்கும் அளவுக்குக் கரி ஏறியிருந்தால் வடிகட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: இரண்டு முறை பணிமனையில் ரீஜென் செய்தாகிவிட்டது. டிரெய்லர் மாட்டினால் மீண்டும் பி 2463 குறியீடு வருகிறது. இப்போது வடிகட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கரி எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை மாற்ற வேண்டாம். பி 2463 என்பது கரி மிகுதியாகச் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. யார் அனுப்பினார்கள் என்று சொல்வதில்லை. பழைய டீசல் வண்டியில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்தால் பின்னால் கரும்புகை எழும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தே பழுதைப் புரிந்துகொள்வார். 2007-க்குப் பின் வந்த வண்டிகளில் அந்தப் புகையை வடிகட்டி விழுங்கிவிடுகிறது. நோயின் அறிகுறி மறைந்துபோய், கடைசியில் பழி வடிகட்டியின் மேல் விழுகிறது.

டிரெய்லர் மாட்டினால் மட்டும் வருகிறது என்கிறீர்கள். அதனால் முதலில் டர்போவுக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள காற்றுக் குழாய்களையும் அவற்றை இறுக்கும் பட்டைகளையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிறு கிழிசல், டர்போ தரும் பூஸ்ட் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இழுவையின்போது மட்டுமே திறந்துகொள்ளும். அடுத்தது அழுத்த சென்சாருக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள். அவை அடைத்தாலோ விரிசல் விட்டாலோ நல்ல வடிகட்டியும் நிறைந்ததாகக் காட்டக்கூடும். அதன்பின் வெப்ப சென்சார்கள், கசியும் இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிப்பது), ஒட்டிக்கொள்ளும் ஈஜிஆர் வால்வு (புகையின் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது). கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்துவருகிறது என்றால் வரிசையை மாற்றி, ஈஜிஆர் கூலரை முதலில் பாருங்கள். அங்கிருந்து கசியும் கூலன்ட், வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: வடிகட்டியைச் சுத்தம் செய்து பயன்படுத்த முடியுமா? டீசலில் ஊற்றும் மருந்துகள் பயன் தருமா?

பதில்: கரி வேறு, சாம்பல் வேறு. கரி எரியும், இஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றால் உண்டாகும் சாம்பல் எவ்வளவு சூடாக்கினாலும் எரியாது. நல்ல நிலையில் ஓடிய வண்டியில் லட்சம் மைலைத் தாண்டிய பிறகே சாம்பல் தொல்லை தருவது வழக்கம். அப்போது வடிகட்டியைக் கழற்றி, சூளையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்றடித்துச் சுத்தம் செய்யும் கடைகளுக்கு அனுப்பலாம். எந்த மருந்தும் சாம்பலைக் கரைக்காது. சாம்பல் குறைந்த, சிகே-4 என்ற டீசல் இஞ்சின் தரத்து ஆயிலை மட்டும் பயன்படுத்துவது அந்த மருந்துகளைவிட மலிவு.

கேள்வி: ஆயில் மட்டம் கூடிக்கொண்டே போகிறது. இதற்கும் வடிகட்டிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பல இஞ்சின்களில் ரீஜெனுக்கான டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகத் தெளிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. ரீஜென் அடிக்கடி நடந்தாலும், பாதியில் தடைபட்டாலும் கலப்பு மிகும். நீர்த்துப்போன ஆயிலோடு கனமான டிரெய்லரை இழுத்தால் பேரிங்குகள் தேயும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால், மைல் கணக்கு மீதமிருந்தாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வடிகட்டியையே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா? பலரும் செய்திருக்கிறார்களே.

பதில்: செய்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் புகைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டிருப்பதாக, மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2020-இல் மதிப்பிட்டது. ஆனால் தூய காற்றுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கிழிந்த குழாயும் கசியும் இன்ஜெக்டரும் அப்படியேதான் இருக்கும். நான் இதைச் செய்வதில்லை.

கேள்வி: முகாமிடத்துக்கு வந்து சேரும்போது ரீஜென் நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

பதில்: முடியும்வரை நெடுஞ்சாலையிலேயே இன்னும் சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த புல்லின் மேலோ சருகின் மேலோ நிறுத்தாதீர்கள். அடிப்பாகத்தின் வெப்பம் அவற்றைப் பற்றவைக்கப் போதுமானது. கப்பித் தரையில், டிரெய்லரின் கூடாரத் துணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத திசையில் புகைக்குழாய் இருக்குமாறு நிறுத்துங்கள். விடுபட்ட எரிப்பை அடுத்த நெடுஞ்சாலை ஓட்டத்தில் வண்டி தானே மீண்டும் தொடங்கும்.