பாஸ்போர்ட் கொப்பி கடல் தாண்டிவிட்டால்?

கேள்வி: அக்கா, என் தங்கச்சி சவூதியில் வீட்டு வேலைக்கென்று டவுனில் உள்ள ஒரு ஏஜென்சியில் பாஸ்போர்ட் கொப்பி, மெடிக்கல் ரிப்போர்ட், முழு உருவப் படம் எல்லாம் கொடுத்தாள். அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் பயணத்தை விட்டுவிட்டோம். ஆறு மாதமாகியும் தெரியாத வெளிநாட்டு நம்பர்களிலிருந்து "எப்ப வாறீங்க" என்று வாட்ஸ்அப் வருகிறது. அழிக்கச் சொல்லலாமா? எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், தங்கச்சி. விபரங்களை வாங்கி அனுப்பினது அந்த ஏஜென்சிதான், அதனால் முதலில் அங்கேயே கேளுங்கள்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கக் கேட்கலாம், மெடிக்கல் விபரத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு, மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கியமான பகுதிகளைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் லயத்திலிருந்து கிளம்புகிற பிள்ளைகளின் கொப்பிகள் அதுவரை காத்துக்கொண்டு இருப்பதில்லை.

சவூதியிலும் தனிச் சட்டம் உண்டு, 2024 செப்டம்பரிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2018லிருந்தே கடுமை: விபரம் வெளிநாட்டுக்குப் போனாலும் அங்கேயும் அதே அளவு பாதுகாப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கோடி யூரோ அல்லது அந்த நிறுவனத்தின் உலகளாவிய வருட வருமானத்தில் 4 சதவீதம், எது கூடவோ அதுவரை தண்டம். ஆனால் அந்த ஐரோப்பியச் சட்டம் ஹட்டனிலிருந்து ரியாத்துக்குப் போன படத்தைக் காப்பாற்ற வராது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் தங்கச்சியின் கையெழுத்தோடு தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள்: சம்மதத்தை மீளப் பெறுகிறேன், என் விபரங்களை யார் யாருக்கு அனுப்பினீர்கள், அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள் என்று. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியும் ஏஜென்சி முத்திரையும் வாங்கி வையுங்கள். வந்த மெசேஜ்களைப் படம் பிடித்த பிறகு அந்த நம்பர்களை பிளாக் பண்ணுங்கள். ஏஜென்சி மறுத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள், அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

அடுத்த தடவை கொப்பி கொடுக்கும்போது, எண்ணும் பெயரும் மறையாதபடி குறுக்கே பேனாவால் "சவூதி வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிவிட்டே கொடுக்கச் சொல்லுங்கள்.